ஊசி போடாத டாக்டரம்மா

தெருவில் அவளுக்கு டாக்டரம்மா என்று பெயர். வானியற்பியலில் ஆராய்ச்சி செய்து வாங்கிய பட்டம் அது. தெருவுக்கு அந்த விவரமெல்லாம் வேண்டியிருக்கவில்லை. புதிதாகக் குடிவந்த பெண் ஒருத்தி, இருமுகிற குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஒருநாள் வாசலில் வந்து நின்றாள். நான் அந்த டாக்டர் இல்லை என்று சொல்லி, அப்படியென்றால் எந்த டாக்டர் என்பதை இவள் விளக்கி முடிப்பதற்குள் குழந்தை தூங்கியே போய்விட்டது.

"ஊசி போட மாட்டா, மருந்து எழுத மாட்டா. நட்சத்திரத்துக்கு மட்டும்தான் வைத்தியம்," என்று நாத்தனார் அடுத்த வீட்டில் போய்ச் சொன்னாள். அன்றிலிருந்து ஊசி போடாத டாக்டரம்மா என்ற முழுப் பட்டமும் நிலைத்துவிட்டது.

நாத்தனாருக்கு அப்படிப் பேச உரிமை இருந்தது. டாக்டரம்மாவின் மகளுக்குத் தலை வாரிவிட்டு, சாப்பாடு கட்டிக்கொடுத்து, பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டனுப்பினால் போய் நின்று, காய்ச்சல் வந்தால் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டவள் அவள்தான். கணவனின் அக்கா. கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் தம்பி வீட்டோடு இருந்துவிட்டவள். தம்பி கீழே கண்ணாடிக் கடை வைத்திருந்தான். கண் சோதித்து, ஃப்ரேம் போட்டுக் கொடுக்கிற சின்னக் கடை. மாடியில் வீடு. டாக்டரம்மா வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரயிலேறி அந்த வீட்டுக்கு வருவாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட கையோடு கிளம்பிவிடுவாள். விருந்தாளி வந்தால்கூட இன்னும் ஒருநாள் இருந்துவிட்டுப் போகச் சொல்லி வற்புறுத்துவார்கள். இவளை யாரும் வற்புறுத்துவதில்லை. ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்து அலுத்துவிட்டார்கள்.

அவள் வேலை செய்த ஆராய்ச்சி நிலையம் பெரிய நகரத்தில் இருந்தது. அங்கே ஒரு தையல்காரர் வீட்டு மாடியில் வாடகைக்கு ஓர் அறை. ஒரு கட்டில், ஒரு மின்சார அடுப்பு, ஜன்னலைத் திறந்தால் கீழே மெஷின் ஓடுகிற சத்தம். மகள் கைக்குழந்தையாக இருந்ததிலிருந்து அந்தச் சத்தத்தில்தான் இவள் தன்னந்தனியாகக் குடும்பம் நடத்திவந்தாள். வேலை நிரந்தரமில்லை. இரண்டு வருஷ ஒப்பந்தம், முடிந்தால் இன்னொரு இரண்டு வருஷம். ஒவ்வொரு தடவையும், அடுத்த தடவை நிரந்தரம் ஆகிவிடும் என்பார்கள். சொன்னவர்கள் ஏமாற்றவில்லை, அவர்களும் நம்பித்தான் சொன்னார்கள். அதுதான் கொடுமை. ஏமாற்று வேலை என்றால் ஒருநாள் நாலு வார்த்தை கேட்டுவிட்டு எழுந்து வந்திருக்கலாம்.

டெலஸ்கோப் வழியாகப் பார்ப்பீர்களா என்று எல்லோரும் அவளைக் கேட்பார்கள். அவள் வானத்தை நிமிர்ந்து பார்த்தே மாதக்கணக்காகியிருக்கும். நிலையத்தின் டிஷ்கள், கவிழ்த்துப் பிடித்த குடை மாதிரியான பெரிய ஆன்டெனாக்கள், ஊரைவிட்டு வெகு தூரம் தள்ளி, செல்போன்கூட எடுக்காத பொட்டல் வெளியில் நின்றன. வானத்திலிருந்து வருகிற ரேடியோ அலைகளை அவை வாங்கிக்கொண்டே இருக்கும். வாங்கியதெல்லாம் காலையில் நகரத்துக் கம்ப்யூட்டருக்கு வந்து சேரும். டாக்டரம்மாவின் குழு அதற்குள் ஒன்றே ஒன்றைத் தேடியது. கண்ணிமைக்கிற நேரத்துக்கும் குறைவாக வந்து மறைகிற ஒரு துடிப்பு. நம்முடைய நட்சத்திரக் கூட்டத்துக்கெல்லாம் வெளியே, எட்டாத தூரத்தில், ஏதோ ஒன்றிலிருந்து கிளம்பி வருவது. வருகிற வழியில் உயர்ந்த அலைவரிசை முந்திக்கொள்ளும், தாழ்ந்தது பின்தங்கும். எவ்வளவு பின்தங்கியது என்பதை வைத்து எவ்வளவு தூரம் வந்தது என்று கணக்குப் போட்டுவிடலாம்.

கேட்பதற்கு அழகாகத்தான் இருக்கிறது. தினப்படி வேலை என்னவென்றால், கம்ப்யூட்டர் சந்தேகப்பட்டு ஒதுக்கிவைத்த படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, இது விமானம், இது மின்னல், இது எவனோ ஒருவனுடைய கெட்டுப்போன மோட்டார் என்று தள்ளிக்கொண்டே இருப்பது. அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரிதான். ஒரே வித்தியாசம், இங்கே கல்தான் வேண்டும், அரிசியைத்தான் வீச வேண்டும்.

இப்படி வருஷக்கணக்காகப் பொறுக்கினால் யாருக்கும் கண் மரத்துப்போகும். நிஜமான துடிப்பு வந்து நின்றாலும் இதுவும் மோட்டார்தான் என்று தள்ளிவிடுவார்கள். அதற்கு மருந்தாகக் குழுவில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். குழுத் தலைவரும் இன்னொருவரும் மட்டும் கூடிப் பேசி, தாங்களே செய்த ஒரு பொய்த் துடிப்பை, வந்து சேர்ந்த பதிவுக்குள் சத்தமில்லாமல் செலுத்திவிடுவார்கள். குழுவில் அதற்கு ஊசி என்று பெயர். எப்போது போட்டார்கள் என்பதும் தெரியாது, போட்டார்களா என்பதும் தெரியாது. கண்ணில் பட்டவர்கள் அதை அலசி ஆராய்ந்து, கட்டுரை எழுதி, அனுப்பலாம் என்று குழு மொத்தமும் கை தூக்கிய பிறகுதான் தலைவர் வாயைத் திறப்பார். அதற்கு முன்னால் யாரும் அவரைக் கேட்கக் கூடாது. கேட்டாலும் ஆம் என்றும் சொல்ல மாட்டார், இல்லை என்றும் சொல்ல மாட்டார். எல்லோரும் உட்கார்ந்து பேசி வைத்துக்கொண்ட விதி இது. அன்றைக்குக் கை தூக்கியவர்களில் டாக்டரம்மாவும் ஒருத்தி.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவள் திறந்த படத்தில் அது இருந்தது. மேலிருந்து கீழே வளைந்து இறங்குகிற மெல்லிய கோடு. எங்கேயும் பிசிறில்லை. அவள் கத்தவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. எழுந்து போய், குடித்துவைத்திருந்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். கோடு அப்படியே இருந்தது.

டிஷ்களைப் பராமரிக்கிற தாடிக்காரரும் அவளும் சேர்ந்து அதைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்தார்கள். ஊசியாக இருக்குமோ என்ற சந்தேகம் இருவருக்குமே வந்தது. வராமல் இருக்குமா? முன்பு போட்ட ஊசிகளெல்லாம் கொஞ்ச நாளிலேயே குட்டு வெளிப்பட்டவை. எங்காவது ஒரு இடத்தில் கை தவறியிருக்கும். இதில் அப்படி எதுவும் கிடைக்கவில்லை. அதுவும் போக, அன்றைக்கு ஒரு டிஷ்ஷின் மோட்டார் சிக்கிக்கொண்டு, அது மட்டும் கொஞ்சம் கோணலாக நின்றிருந்தது. நிஜமான துடிப்பென்றால் அந்த டிஷ்ஷில் மங்கலாக விழ வேண்டும். விழுந்திருந்தது. எவ்வளவு மங்க வேண்டுமோ அவ்வளவே மங்கியிருந்தது.

"ஊசி போடுறவங்க இவ்வளவு மெனக்கெடுவாங்களா? அந்த டிஷ் கோணலா நின்னது எனக்கே மறுநாள்தான் தெரியும்," என்றார் தாடிக்காரர்.

வேறெந்தத் தொழிலிலும் இந்தத் தவறு நடக்காது. காய்கறி வாங்குகிறவள்கூட, ஒரு சொத்தையும் இல்லாமல் பளபளவென்று அடுக்கியிருந்தால், அடியில் என்ன வைத்திருக்கிறாய் என்று கூடையைக் கிளறிப் பார்ப்பாள். இவர்கள் கச்சிதமாக இருந்ததாலேயே நம்பினார்கள். பொய் சொல்கிறவன் இத்தனை கவனமாக இருக்க மாட்டான் என்று, படித்த படிப்பெல்லாம் ஒன்றுசேர்ந்து அவர்களுக்குச் சாட்சி சொல்லிற்று.

அதே வாரத்தில்தான் கல்லூரி முதல்வரின் போன் வந்தது. கணவனின் ஊரிலேயே உள்ள கல்லூரி. இயற்பியல் ஆசிரியர் வேலைக்கு எப்போதோ விண்ணப்பம் போட்டுவைத்தது. வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். நிரந்தர வேலை. வேறு யாராவது அந்தச் சொல்லைச் சொல்லியிருந்தால் இவள் சிரித்திருப்பாள், முதல்வர் சர்வசாதாரணமாகச் சொன்னார். மாதக் கடைசிக்குள் பதில் வேண்டும், உடனே வந்து சேர வேண்டும் என்றார். ஒரு வருஷம் முன்னால் இந்தப் போன் வந்திருந்தால் அன்று சாயங்காலமே அறையைக் காலி பண்ணியிருப்பாள். இப்போது அவளிடம் ஒரு துடிப்பு இருந்தது. குழுவை விட்டுப் போனால் அது வேறு ஆளின் கைக்குப் போகும், கட்டுரையில் முதல் பெயர் அந்த ஆளுடையதாக இருக்கும். இருந்து எழுதி முடித்தால், நிலையத்தில் நிரப்பப் போகிற ஒரே நிரந்தர இடத்தை இவளுக்குக் கொடுக்காமல் இருக்க முடியாது. எல்லோருமே அப்படித்தான் பேசிக்கொண்டார்கள்.

இதற்கு நடுவில் நாத்தனார் கூப்பிட்டாள். குழந்தைக்குக் கரும்பலகை தெரியவில்லையாம். மங்கலாக இருக்கிறதாம், டீச்சர் சொல்லியனுப்பியிருக்கிறாள். டாக்டரம்மா அரை மனதாக விடுப்பு எடுத்துக்கொண்டு, முதன்முறையாக வாரத்தின் நடுவில் வீட்டுக்குப் போனாள்.

மகளைக் கடையில் நாற்காலியில் உட்காரவைத்து, அவளுடைய அப்பா சோதிக்கிற ஃப்ரேமை மூக்கில் மாட்டினான். கண்ணாடிச் சில்லுகளை ஒவ்வொன்றாகப் போட்டு எடுத்து, எதிர்ச் சுவரில் இருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னான். அது தெரியவில்லை, இது தெரியவில்லை என்றாள் மகள். கடைசியாக ஒரு ஜோடியைப் போட்டு, இப்போது தெரிகிறதா என்று கேட்டான். இப்போது பளிச்சென்று தெரிகிறது என்று கடைசி வரி வரைக்கும் கடகடவென்று படித்தாள். படித்துவிட்டு, அம்மா பார்க்கிறாளா என்று திரும்பிப் பார்த்தாள். அப்பா மகளின் தலைக்கு மேலாக மனைவியைப் பார்த்தான்.

சமையலறையில் வைத்து அவளிடம் சொன்னான். "கண்ணுல ஒண்ணும் இல்ல. கடைசியா போட்டது வெறும் கண்ணாடி. கண்ணாடி வேணும்னு பொய் சொல்ற பிள்ளைங்களை இப்படித்தான் பிடிப்போம். இவ கண்ணாடிக்காகச் சொல்லல. கண்ணு தெரியலன்னா நீ வருவேன்னு கணக்குப் போட்டிருக்கா."

பொய் தெரிந்துவிட்டது என்று மகளிடம் சொல்லிவிடலாமா என்று டாக்டரம்மா கேட்டாள். சொல்வதென்றால் நீயே சொல்லு, ஆனால் சொல்லிவிட்டு நாலு நாள் கூட இருக்க வேண்டும், சொல்லிவிட்டு ரயிலேறக் கூடாது என்றான் அவன். மறுநாள் காலை அவளுக்கு ரயில் இருந்தது. அதனால் சொல்லவில்லை. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். நீல ஃப்ரேமில் வெறும் கண்ணாடி போட்டு மகளுக்குக் கொடுத்தான் அப்பா. மகள் அதை மாட்டிக்கொண்டு நிலைக்கண்ணாடி முன்னால் நின்று, தன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்லூரி வேலையைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று அவனைக் கேட்டதற்கு, நான் வாயைத் திறக்கப் போவதில்லை, நான் சொல்லி நீ வந்தால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாய் என்றான். அவன் சொன்னது சரிதான். அவள் சொல்லித்தான் காட்டியிருப்பாள்.

மாதம் முடியப் போகிற நேரத்தில் அவள் தலைவரின் அறைக்குப் போனாள். நல்ல மனிதர். குரலை உயர்த்த மாட்டார், யார் வந்தாலும் எழுந்து நின்று உட்காரச் சொல்வார். அவருடைய அறையில் ஏசி ஒழுகும். கீழே ஒரு பிளாஸ்டிக் பேசின் வைத்திருப்பார். பேசுகிறவர்கள் சொட்டுச் சத்தத்துக்கு நடுவில்தான் பேச வேண்டும்.

"விதி எனக்குத் தெரியும் சார். நான் கேக்கக் கூடாது," என்று ஆரம்பித்தாள். "வீட்டுப் பக்கத்துலயே ஒரு வேலை வந்திருக்கு. குழந்தை அங்கதான் இருக்கு. இத்தனை வருஷத்துல எனக்குக் கிடைச்சது இந்தத் துடிப்பு ஒண்ணுதான். இது நிஜம்னா இருந்துடுவேன். இல்லன்னா இன்னிக்கே போயிடுவேன்."

தலைவர் பேசினைப் பார்த்தார்.

"நீங்க செஞ்ச வேலை ரொம்ப சுத்தமா இருக்கும்மா," என்றார். "நான் அவ்வளவுதான் சொல்ல முடியும். நல்லா யோசிச்சு முடிவு பண்ணுங்க."

அவள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். வேலை சுத்தமாக இருக்கிறதென்றால் வேறு என்ன அர்த்தம்? ஊசி என்றால், ஒரு தாயிடம், குழந்தை அங்கே இருக்கிறது என்று வந்து நிற்கிறவளிடம், இந்த மனிதர் இப்படிச் சொல்வாரா? படியிறங்கும்போதே கல்லூரி முதல்வருக்குப் போன் போட்டு, வரவில்லை என்று சொல்லிவிட்டாள். முதல்வர், பரவாயில்லை, அடுத்து ஒரு பையன் காத்திருக்கிறான் என்று சந்தோஷமாகவே வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு பல மாதங்கள் அவள் ஆளே மாறிப்போனாள். சாப்பிட்டாளா தூங்கினாளா என்று அவளுக்கே தெரியாது. துடிப்பு வந்த திசையில் டிஷ்களைத் திருப்பிவைத்து மறுபடி வருகிறதா என்று வாரக்கணக்காகக் காத்திருந்தார்கள். வரவில்லை. ஒரே தடவை வந்துவிட்டுத் திரும்பியே பார்க்காத துடிப்புகள் உண்டென்பதால் அதையும் சாதகமாகவே எழுதிக்கொண்டார்கள். எல்லா வெள்ளிக்கிழமையும் ரயிலேற முடியவில்லை. நட்சத்திரத்துக்கு லீவே கிடையாதா என்று நாத்தனார் கேட்டாள். வீட்டுக்குப் போன நாட்களில் மகள் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு எதிரே வந்து உட்காருவாள். கண் வலிக்கிறது என்று ஒருதடவை சொல்லிப் பார்த்தாள். சரியாகிவிடும் கண்ணு என்று சொல்லிவிட்டு இவள் லேப்டாப்பைத் திறந்தாள். மகள் அதற்குப் பிறகு கண்ணைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை.

கட்டுரை முடிந்தது. கூட்டம் போட்டார்கள். வெயில் சாய்கிற நேரம், திரைச்சீலை மூடாத அந்த அறையில் எல்லோர் முகத்திலும் வெளிச்சம் அடித்தது. மேஜை மேல் பெரிய கேக் வாங்கிவைத்திருந்தார்கள். அனுப்பலாமா என்று கேட்டதற்கு ஒருத்தர் விடாமல் கை தூக்கினார்கள். டாக்டரம்மா கையை இறக்கவே மறந்துவிட்டாள்.

தலைவர் எழுந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அனுப்ப வேண்டாம். இது நாங்க போட்டது," என்றார்.

தாடிக்காரர்தான் முதலில், அந்தக் கோணல் டிஷ்ஷில் மங்கலாக விழுந்ததே, அது எப்படி என்று கேட்டார். அன்றைக்குக் காலையிலேயே பார்த்துவிட்டேன், அதையும் கணக்கில் சேர்த்துவிட்டேன் என்றார் தலைவர். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. மெனக்கெட்டுச் செய்த வேலை, இத்தனை மாதம் யாரிடமும் சொல்ல முடியாமல் வைத்திருந்த வேலை. பிறகு யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் கை தட்டினார்கள். அதுவும் வழக்கம்தான். ஊசியைக் கண்டுபிடித்தால் குழு பாஸ் என்று அர்த்தம், பாஸ் பண்ணினால் கை தட்ட வேண்டும். டாக்டரம்மாவும் தட்டினாள். தன் கைதான் தட்டுகிறது என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். கேக்கை வீணாக்க வேண்டாம் என்று வெட்டினார்கள். கண்டுபிடித்தவள் என்று முதல் துண்டு அவளுக்கு வந்தது. அதைத் தின்னவும் தின்றாள்.

கூட்டம் கலைந்ததும் தலைவரின் அறைக்குப் போனாள். அவர் எழுந்து நின்று உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

"அன்னிக்கு நான் வந்து கேட்டப்ப உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்மா."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இங்க இருக்காதே, போன்னு ஒரு வார்த்தை."

"சொல்லியிருந்தா சோதனை கெட்டுப்போயிருக்கும். எத்தனை பேரோட வேலை," என்றார். பொய்யில்லை, அந்த மனிதருக்கு நிஜமாகவே வருத்தம்தான். "அன்னிக்கு வீட்டுக்குப் போய் என்னால சாப்பிட முடியல. ஆனா என் சொந்த மகளே வந்து கேட்டிருந்தாலும் நான் இதைத்தான் சொல்லியிருப்பேன்."

அவருக்கு அது நியாயமாகப் பட்டது. நேர்மையானவர்களிடம் மாட்டிக்கொண்டால் இதுதான் தொல்லை. அயோக்கியன் என்றால் காறித் துப்பிவிட்டுப் போகலாம். இவர் விதியைக் காப்பாற்றினார், அதற்காகச் சாப்பிடாமலும் கிடந்திருக்கிறார், இதற்கு மேல் அவரை என்ன செய்வது?

அவர் அத்தோடு நிற்கவில்லை. நிரந்தர இடத்தை இந்த வருஷம் நிரப்பவில்லை என்றார். ஆனால் இவளுடைய ஒப்பந்தத்தை நீட்டிக்க ஏற்பாடு பண்ணிவிட்டாராம். அதோடு ஒரு கௌரவமும். இனிமேல் ஊசி போடுகிற இரண்டு பேரில் ஒருத்தி இவள்தான். இந்த ஊசியை இவ்வளவு தூரம் கிழித்துப் பார்த்தவளுக்குத்தான் அடுத்ததை யாராலும் கண்டுபிடிக்க முடியாதபடி செய்யத் தெரியும் என்றார். திங்கட்கிழமை பதில் சொன்னால் போதும்.

ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் அழுதாளா என்றால், இல்லை. எப்படிச் செய்யலாம் என்று யோசித்துக்கொண்டு வந்தாள். எந்த டிஷ்ஷில் எவ்வளவு மங்க வேண்டும், இரைச்சலுக்கு நடுவில் அதை எங்கே பதுக்க வேண்டும், தாடிக்காரர் எதைப் பார்த்து ஏமாறுவார் என்று ஒவ்வொன்றாக மனதுக்குள் ஓடிற்று. தலைவர் செய்ததில் இரண்டு இடத்தில் இன்னும் நன்றாகச் செய்திருக்கலாம் என்றுகூடத் தோன்றிற்று. பாதி வழியில்தான் தன்னையே பிடித்துக்கொண்டாள். அவமானத்தில் காது சுட்டது. செருப்பால் அடித்தவனின் செருப்பை எடுத்து, தையல் எப்படி இருக்கிறது என்று பார்க்கிற புத்தி.

வீட்டில் எல்லாவற்றையும் கணவனிடம் கொட்டினாள். கடையைச் சாத்தப் போகிற நேரம். அவன் ஃப்ரேம்களை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கிக்கொண்டே கேட்டான்.

"நாங்களும் வெறும் கண்ணாடி போட்டுப் பாக்கிறதுதான்," என்றான் கடைசியில். "ஆனா அந்த நாற்காலியிலேயே அது முடிஞ்சுடும். அதை மாட்டிக்கிட்டு வீட்டுக்குப் போன்னு யாரையும் அனுப்ப மாட்டோம்."

அடுத்த ஃப்ரேமை எடுத்தான். துடைக்காமல் கையிலேயே வைத்திருந்தான்.

"ஒருத்தியைத் தவிர," என்றான்.

டாக்டரம்மா ரயிலில் மீதி வழியெல்லாம் தலைவரை வைத வசவு ஒவ்வொன்றும் திரும்பி வந்து அவள் தலையிலேயே விழுந்தது. இவளுக்கும் தெரியும், தெரிந்தும் சொல்லவில்லை, சொன்னால் தன் வேலை கெட்டுப்போகும் என்று சொல்லவில்லை. அவராவது சாப்பிட முடியாமல் தவித்திருக்கிறார். இவள் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு நன்றாகவே சாப்பிட்டாள்.

மறுநாள் காலை நாத்தனார் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். நான் பின்னுகிறேன் அக்கா என்று இவள் போய் நின்றாள். நாத்தனார் சீப்பைக் கொடுத்துவிட்டு நகர்ந்தாள், ஆனால் அறையை விட்டுப் போகவில்லை. டாக்டரம்மாவுக்குப் பின்னவும் சரியாக வரவில்லை. பாதியில் விட்டுவிட்டு, மகளுக்கு முன்னால் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"அந்தக் கண்ணாடியைக் கழட்டிடு கண்ணு. உன் கண்ணு நல்லாத்தான் இருக்கு. அது வெறும் கண்ணாடி," என்றாள். "உன்னைத் திட்டல. நீ ஏன் அப்படிச் சொன்னேன்னு அம்மாவுக்குத் தெரியும். அப்பவே தெரியும்."

திட்டு விழாது என்று தெரிந்ததும் மகள் அழுவாள், கழுத்தைக் கட்டிக்கொள்வாள் என்றுதான் இவள் எதிர்பார்த்தாள். மகள் அழவில்லை. நீலக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அம்மாவை நிதானமாகப் பார்த்தாள்.

"அப்பவே தெரியும்னா ஏம்மா வரல?" என்றாள்.

அறையில் நாத்தனார் இருந்தாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். டாக்டரம்மாவுக்குப் பதில் தெரியும். துடிப்பு நிஜம் என்று நினைத்தேன், அதனால் வரவில்லை. அது பொய் என்று ஆனது, அதனால் வந்தேன். இதை ஒரு குழந்தையிடம் எந்த வாயால் சொல்வது? சீப்பில் சிக்கிய முடியை எடுத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

திங்கட்கிழமை வரை காத்திருக்காமல் அன்றைக்கே தலைவருக்குப் போன் போட்டு, வரவில்லை என்றாள். அவர் நல்ல மனிதராகவே காரணம் கேட்டார். என்னால் ஊசி போட முடியாது சார் என்றாள். அது மட்டும் வேண்டாமென்றால் வேண்டாம், மற்ற வேலை இருக்கிறதே என்றார். வாய் வரைக்கும் சரி என்று வந்துவிட்டது. இத்தனைக்குப் பிறகும் வந்தது. அதையும் சொல்லாமல் மறைக்கக் கூடாது. வேண்டாம் சார் என்று சொல்லிப் போனை வைத்த பிறகு, கடைக்குப் பின்னால் லென்ஸ் தேய்க்கிற மெஷின் இருக்கிற இடத்தில் போய் நின்றுகொண்டு, சத்தம் வெளியே கேட்காது என்ற தைரியத்தில் வாய்விட்டு அழுதாள்.

இப்போது அவள் ஒரு டியூஷன் சென்டரில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுக்கிறாள். கல்லூரியில் அந்தப் பையன் நிரந்தரமாகிவிட்டான். வழியில் பார்த்தால் வணக்கம் சொல்லுவான். டியூஷனுக்கு வருகிற பிள்ளைகளில் எப்போதாவது ஒன்று, எனக்கு வானியற்பியல் படிக்க ஆசை மிஸ், படிக்கலாமா என்று கேட்கும். நல்லா யோசித்து முடிவு பண்ணு என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. உட்காரவைத்து, மாதக்கணக்கான கல் பொறுக்கலையும், இரண்டு வருஷம் இரண்டு வருஷமாகப் போகிற ஆயுசையும், கடைசியில் தின்ற கேக்கையும் ஒன்றுவிடாமல் சொல்லிவிடுவாள். கேட்டுவிட்டு, அப்படியும் படிக்கிறேன் என்று சொல்கிற பிள்ளை இருந்தால் அவளுக்கு அதன் மேல் பாசமும் வருகிறது, எரிச்சலும் வருகிறது.

மகள் கண்ணாடியைக் கழற்றவில்லை. இன்னும் அதைப் போட்டுக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போகிறாள். அது வெறும் கண்ணாடி என்று அவளுக்கும் தெரியும், வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மறுபடி கழற்று என்று சொல்ல டாக்டரம்மாவுக்கு வாய் வரவில்லை. இந்த அம்மா இருப்பாளா, மறுபடி ரயிலேறிவிடுவாளா என்று அந்தப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறாள், பார்க்கட்டும். காலையில் எழுந்ததும் இவள் அந்த நீலக் கண்ணாடியைச் சோப்புப் போட்டுக் கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்து, மகள் கையில் கொடுக்கிறாள். மகள் வாங்கி மாட்டிக்கொண்டு, அதன் வழியாக அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகிறாள்.